வெள்ளைத் துண்டு இறங்கும் வரை

மரியஜோசப்புக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை என்று முதல் நாளே முடிவாகிவிட்டது.

முடிவு செய்தது நன்றிமலர் அறவாரியம். ஈப்போ நகரில், நடக்க முடியாதவர்களுக்கு உதவுவதற்கென்றே தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதனால்தானோ என்னவோ, அதன் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒடுக்கமான படிக்கட்டுக்கு மேலே இருந்தது. சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்திருந்த மரியஜோசப், ஒரு கையால் படிக்கட்டுக் கம்பியையும் மறு கையால் மனைவி கெர்ட்ரூட்டின் தோளையும் பிடித்துத் தத்தித் தத்தி மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எதிர்ச் சுவரில் அறவாரியத்தின் கொள்கை தங்க எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. 'கொடுப்பது எங்கள் குணம். நன்றி உங்கள் கடமை.'

ஒத்திகை நடத்தியவள் தினேஸ்வரி என்ற இளம்பெண். நன்றி ஒருங்கிணைப்பாளர் என்று அவளுக்குப் பதவி. அறவாரியத்தின் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற வீரபத்திரன், வேலை அதிகமுள்ளவர் என்பதால் ஒத்திகைக்கு அவருடைய ஆளுயர அட்டைப்படம்தான் வரும். கோட்டும் புன்னகையுமாக, கையை நீட்டிக்கொண்டு அது அறையின் நடுவில் நின்றது. மரியஜோசப்பை அதற்கு எதிரே நிறுத்திக் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டார். ஆனால் கண் மட்டும், மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்ற புதுச் சக்கர நாற்காலியின் பக்கமே போயிற்று.

“அங்கள், வீல்சேர பாக்கக்கூடாது லா. டத்தோவத்தான் பாக்கணும். வீல்சேர் எங்கயும் ஓடிப் போயிடாது,” என்றாள் தினேஸ்வரி.

அடுத்த பாடம் குனிவது. ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம் குனிங்க அங்கள். கேமராவுல தெரியணும்.”

இன்னும் கொஞ்சம் குனிந்ததில் நிலை தவறி, அட்டை டத்தோவின் மேலேயே போய்ச் சாய்ந்தார். டத்தோவின் கழுத்து மடங்கிவிட்டது. அலுவலகமே பதறி ஓடிவந்து டத்தோவைத் தூக்கி நிறுத்தியது. மரியஜோசப்பைக் கெர்ட்ரூட் தூக்கி நிறுத்தினாள். அவருக்கு நன்றியில் இன்னும் பயிற்சி தேவை என்று தீர்மானித்து, மறுநாளும் அதே படிக்கட்டில் ஏறி வரச் சொன்னார்கள்.

கெர்ட்ரூட் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்வது அவள் பழக்கமில்லை. புந்தோங்கில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவள் அவள். அழுகிய மீனைத் தலையில் கட்டப் பார்த்த மீன்காரனை அந்த மீனாலேயே விரட்டியவள் என்று அவளுக்குப் பெயர் உண்டு. ஆனால் இப்போது மகள் கல்யாணம் வருகிறது. டிசம்பரில் தேவாலய வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மகள் ட்ரேசியின் கையைப் பிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டியது அப்பாவின் வேலை. கால் போன நாளிலிருந்து மரியஜோசப் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டுவதில்லை. பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருஷம் லோரி ஓட்டி, பேராக் மாநிலம் முழுக்க ஒரு சந்து விடாமல் சுற்றிய மனிதர், வாசலில் போகிற மோட்டர்சைக்கிள்களை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டு கிடந்தார். ட்ரேசிதான் ஒரு நாள் சொன்னாள், அப்பா வராவிட்டால் தானும் வாசலைத் தாண்டப் போவதில்லை என்று. கால் இல்லாவிட்டால் என்ன, சக்கரம் இருந்தால் போகலாமே என்று முதன்முதலாக அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கெர்ட்ரூட் அட்டைப்படத்தைக் கும்பிடக் கூட்டிவந்தாள்.

முதல் வழங்கும் விழா புந்தோங் பொதுமண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை எல்லாம் ஆனபிறகு டத்தோ எழுந்தார்.

“நானும் ஒரு காலத்தில் ஏழைதான்,” என்றார் டத்தோ. “எனக்கு அன்றைக்கு யாருமே சக்கர நாற்காலி கொடுக்கவில்லை. அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் எனக்கு இரண்டு காலும் இருந்தது.”

கைதட்டல் எழுந்தது. கைதட்டுவதற்கும் அறவாரியத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. கோகிலன் என்கிற வேன் ஓட்டுநர் மண்டபத்தின் கடைசியில் ஒரு ஸ்டூல் மேல் நிற்பான். கையில் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டு மேலே போனால் கைதட்ட வேண்டும். கீழே வரும்வரை நிறுத்தக்கூடாது. பொருள் கைமாறி, கேமரா போதும் என்று சொன்ன பிறகுதான் அவன் துண்டை இறக்குவான். நடுவில் நிறுத்தியவர்களுக்கு மீஹூன் சாப்பாட்டுப் பொட்டலம் கிடையாது. புந்தோங் மக்கள் இந்தக் கலையில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள். ஒரு வரிசைக்குக் கை வலித்தால் அடுத்த வரிசை வாங்கிக்கொள்ளும்.

மரியஜோசப் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டார். டத்தோ அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை தோளைத் தேடிப் பிடித்ததே தவிர, டத்தோவின் கண் அவர் முகத்துக்கு வரவேயில்லை. அது கேமராவில் பதிந்திருந்தது. விழா முடிந்து கெர்ட்ரூட் நாற்காலியை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே கோகிலன் வேனின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

“அக்கா, கோச்சிக்காதீங்க. பின்னால டத்தோ பேரு எழுதணுமாம். அடுத்த வாரம் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்திடறேன்,” என்றான்.

மரியஜோசப்பை இறக்கி வாசல்படியில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியை மடித்து ஏற்றிக்கொண்டு போனான். அவர் கையில் ஒரு மீஹூன் பொட்டலம் மிஞ்சியது.

அடுத்த வாரம் நாற்காலி வரவில்லை, அழைப்புதான் வந்தது. மகளிர் பிரிவின் சார்பில் இன்னொரு வழங்கும் விழாவாம். இந்த முறை நாற்காலியின் முதுகில் 'டத்தோ வீரபத்திரன் அன்பளிப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது. விழா முடிந்ததும் 'கொடைவள்ளல்' என்ற அடைமொழி விட்டுப்போயிற்று என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த விழாவுக்குக் 'கொடைவள்ளல்' வந்துவிட்டது. ஆனால் 'சமூகச் சுடர்' வரவில்லை. இப்படி ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பட்டம் சேர்ந்து, முதுகுப்புறம் நிரம்பி, எழுத்து கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. வீட்டுக்கு மட்டும் அது வரவில்லை.

மூன்றாவது விழாவை மறக்க முடியாது. 'தோட்டத் தொழிலாளிக்கு நன்றி' என்பது அன்றைய தலைப்பு. பீடோர் பக்கம், முன்பு ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டமாக இருந்து இப்போது வீடமைப்புக்காக மொட்டையடிக்கப்பட்டுக் கிடந்த ஒரு மேட்டுக்கு அழைத்துப் போனார்கள். படம் எடுப்பதற்கென்றே ஒரு கித்தா மரத்தை விட்டுவைத்திருந்தார்கள். செம்மண் சேற்றில் சக்கரம் புதைந்த நாற்காலியை அந்த மரத்தடியில் நிறுத்தி, மரியஜோசப்பின் கையில் பால்வெட்டுக் கத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். தான் பால் வெட்டியதே இல்லை, லோரி ஓட்டியவன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். லோரி கேமராவில் அடங்காது என்றாள் தினேஸ்வரி.

டத்தோ அங்கே உருக்கமாகப் பேசினார். “இந்த மண்ணில் நம் முன்னோர்கள் சிந்திய வியர்வையை யாரும் மறந்துவிடக் கூடாது. அதனால்தான் அவர்கள் குடியிருந்த லயங்களை நானே முன்னின்று இடித்தேன். வேறு யாராவது இடித்திருந்தால் இவ்வளவு மரியாதையாக இடித்திருக்க மாட்டார்கள். இங்கே வரப்போகும் மாடிவீடுகளுக்குத் தியாகபுரி என்று பெயர் வைத்திருக்கிறேன். இங்கே குடியிருந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.”

தான் பிறந்த லயம் எந்த இடத்தில் இருந்தது என்று மரியஜோசப் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில்தான் கூடாரம் போட்டு டத்தோவுக்குச் சாப்பாடு வைத்திருந்தார்கள்.

விழாவுக்கு விழா படமும் செய்தியும் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்தன. முதல் செய்தியில் அவர் முன்னாள் லோரி ஓட்டுநர். பிறகு பால்வெட்டுத் தொழிலாளி. நான்காவது செய்தியில் 'உறவுகளால் கைவிடப்பட்ட முதியவர்' ஆகிவிட்டார். அந்தப் படம் எடுத்தபோது கெர்ட்ரூட் பக்கத்தில்தான் நின்றாள். நாற்காலியைப் பிடித்திருந்த அவள் கைவிரல்கள் நாலும் படத்தில் இருக்கின்றன. ஆளை மட்டும் வெட்டிவிட்டார்கள். கணவனைக் கைவிட்டவள் என்று ஊர் முழுக்க அச்சடித்துப் போட்ட அந்தப் பத்திரிகையை அவள் கிழிக்கவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் உண்மையான சங்கடம் ஆரம்பித்தது. வேறொரு தொண்டு அமைப்பிடம் போய்க் கேட்டபோது, இத்தனை நாற்காலி வாங்கியும் ஆசை அடங்கவில்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. பக்கத்து வரிசையில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் செல்லாயியின் மகன் வந்து, உங்களிடம்தான் நிறைய இருக்கிறதே, அம்மாவுக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டான். ஒன்றுகூட இல்லை என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தோட்டத்திலிருந்தே பழக்கமான உடையப்பன், இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்க் கம்பு ஊன்றி நடப்பவர், வாசலிலேயே நின்று கேட்டார்: “ஏம்மா, அத்தனை வீல்சேரையும் எங்க வித்தீங்க? நம்ம ஆளுங்க கஷ்டப்படறது உங்களுக்கே தெரியாதா?” தேவாலயப் பூசையில்கூடச் சாமியார், இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார்.

கெர்ட்ரூட் அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ட்ரேசியின் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது.

மாப்பிள்ளை வீடு ஹுத்தான் மெலிந்தாங்கில். கோகிலன் எப்படியோ சொல்லிக் கெஞ்சி, முதல் நாளே நாற்காலியை வீட்டில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அன்றிரவு மரியஜோசப் அதில் உட்கார்ந்தபடியே கூடத்துக்கும் அடுப்படிக்கும் போய் வந்துகொண்டிருந்தார். விடிந்ததும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவசரமாக ஐந்தாவது விழா. வெளியூரிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்திருக்கிறார். பயனாளி வராவிட்டாலும் பரவாயில்லை, நாற்காலி வந்தால் போதும். உட்காருவதற்கு வேறு யாரையாவது பிடித்துக்கொண்டு, பத்திரிகையில் மரியஜோசப் பெயரையே போட்டுக்கொள்வார்களாம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் காடியிலிருந்து இறங்கியவரைச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, மாப்பிள்ளையின் அண்ணன்மார் இரண்டு பேர் தூக்கினார்கள். பந்தலுக்குப் பாதி வழியில் நாற்காலியின் ஒரு கால் விண்டுபோயிற்று. சம்பந்திகள், தட்டேந்தி நின்ற பெண்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் மரியஜோசப் குப்புற விழுந்தார். வேட்டி விலகி, வெட்டிய காலின் முனை வெளியே தெரிந்தது. ட்ரேசி ஓடிவந்து தன் துப்பட்டாவால் அதை மூடினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். “கல்யாணத்துக்கு நான் வரல. என்னால என் புள்ளைக்கு மலு வேணாம்.” மானம் போனது போதும் என்று அர்த்தம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிறர் குற்றத்தைப் பொறுப்பதாகச் சொல்லும் ஜெப வரி வந்தபோது கெர்ட்ரூட் வாயை மூடிக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கோகிலன் ஆறாவது விழாவான நன்றிப் பெருவிழாவின் அழைப்பிதழோடு வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். கெர்ட்ரூட் அவனை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, நேருக்கு நேராகக் கேட்டாள்.

“தம்பி, மொத்தம் எத்தன வீல்சேர் லா இருக்கு அங்க?”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “ஒண்ணுதான் அக்கா. ஆறு வாங்கச் சொல்லி டவுன்ல கடை வச்சிருக்கற மொதலாளி, தவுக்கே லியோங், காசு குடுத்தாரு. டத்தோ சொல்லிட்டாரு, சாமான் ஒண்ணு போதும், குடுக்கறதுதான் பல தடவ நடக்கணும்னு. எனக்குத் தெரியும் அக்கா. நானும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன்.”

டத்தோவுக்கு மரியஜோசப்பின் முகம்கூடவா அடையாளம் தெரியவில்லை என்று அவள் கேட்டதற்கு, டத்தோ இதுவரை வாங்குகிறவர் எவர் முகத்தையும் பார்த்ததில்லை என்றான் கோகிலன். அது மட்டுமல்ல, அறவாரியம் நன்றி சொல்வதற்குத் தேறிய ஒரே ஆள் மரியஜோசப்தான் என்பதால் பெருவிழாவில் அவருக்கே மறுபடியும் வாய்ப்பாம். மனைவியும் மேடையேறி நன்றியுரை சொல்ல வேண்டுமாம்.

கெர்ட்ரூட் அழைப்பிதழை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே செல்லாயி வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து உடையப்பன் வீட்டுக்கு. பிறகு தன்னிடம் நாற்காலி கேட்டு வந்து முகம் சுளித்துப் போன இன்னும் மூன்று வீடுகளுக்கு. எல்லா இடத்திலும் ஒரே செய்திதான். நீங்கள் கேட்டது சரி, வைத்துக்கொண்டிருந்தது எங்கள் தப்பு, ஞாயிற்றுக்கிழமை டவுன் டேவான் மண்டபத்துக்கு வாருங்கள், உங்கள் வீல்சேர் மேடையில் இருக்கும். கணவரிடம் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர் அசையவே இல்லை. கடைசியில் சொன்னாள்: “நீங்க விழுந்ததுக்கு ஒருத்தன் குனியணும். அத நான் பாக்கணும். வாங்க.” அவர் சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். சலவைச் சட்டை எங்கே என்று கேட்டார்.

நன்றிப் பெருவிழா ஈப்போ டவுனில் குளிரூட்டிய பெரிய மண்டபத்தில் நடந்தது. அன்றைய முக்கிய நிகழ்ச்சி, டத்தோ வீரபத்திரனுக்கு 'நன்றித் திலகம்' விருது. வழங்குவது நன்றிமலர் அறவாரியம். விருதைப் பெற்றுக்கொண்ட டத்தோ, தன்னைத் தேர்ந்தெடுத்த அறவாரியத் தலைவருக்கு மனமார நன்றி சொன்னார். தலைவர் அவரேதான் என்பதால் அந்த நன்றியையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

முன்வரிசையில் தவுக்கே லியோங் உட்கார்ந்திருந்தார். டவுனில் மருத்துவமனைச் சாமான் கடை வைத்திருப்பவர். டத்தோ வற்புறுத்திக் கேட்டதால், கடையிலிருந்து நாற்காலியாகக் கொடுக்காமல் காசாகக் கொடுத்தவர். அவருக்குப் புரியட்டும் என்று டத்தோ பாதி மலாயிலும் பேசினார். “நண்பர் கொடுத்த ஆதரவில் இந்த ஆண்டு முழுதாக ஆறு சக்கர நாற்காலிகள் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் என் கையால் கொடுத்தது. படம் இருக்கிறது. எங்களிடம் படமில்லாமல் எந்த உதவியும் கிடையாது. படம் இல்லாத உதவி, செய்யாத உதவிக்குச் சமம்.”

கோகிலன் துண்டை உயர்த்தினான். மண்டபம் தட்டியது. நாற்காலி மேடைக்கு வந்தது, மரியஜோசப்பும் வந்தார். உட்கார்ந்தார், கும்பிட்டார், படம் எடுத்தாயிற்று. துண்டு இறங்கியது. நன்றியுரைக்குக் கெர்ட்ரூட்டைக் கூப்பிட்டார்கள்.

தினேஸ்வரி மனப்பாடம் செய்யக் கொடுத்திருந்த உரையை அவள் ஒரு எழுத்துக்கூட விடாமல் ஒப்பித்தாள். கொடைவள்ளல், சமூகச் சுடர், ஏழைகளின் ஏணி என்று நாற்காலி முதுகில் இருந்ததெல்லாம் அதிலும் இருந்தது. தினேஸ்வரிக்குக் கண் கலங்கியது. உரை முடிந்தும் கெர்ட்ரூட் மைக்கை விடவில்லை.

“இன்னும் ஒண்ணு சொல்லணும். டத்தோ எங்க வீட்டுக்கு ஆறு வீல்சேர் குடுத்திருக்காரு. இப்பதான் அவர் வாயாலயே சொன்னாரு, நீங்களும் கேட்டீங்க. ஆறு படத்துலயும் இருக்கற நாற்காலி எங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு போதும். மீதி அஞ்சையும் நம்ம ஆளுங்களுக்குக் குடுத்திடறோம். டத்தோ கையாலயே குடுக்கட்டும். செல்லாயி அக்கா, உடையப்பண்ணே, வாங்க மேல.”

செல்லாயியை அவள் மகன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். உடையப்பன் கம்பை ஊன்றி வந்தார். மற்ற மூவரையும் உறவுக்காரர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டத்தோ புன்னகை மாறாமல் அவள் பக்கம் சாய்ந்து, எல்லாம் ஸ்டோரில் இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தார்.

“அஞ்சும் ஸ்டோர்ல ரெடியா இருக்காம்,” என்றாள் கெர்ட்ரூட் மைக்கில். “டத்தோ இப்பவே எடுத்திட்டு வரச் சொல்றாரு.”

கோகிலனின் துண்டு மேலே போயிற்று.

கைதட்டல் என்றால் அது கைதட்டல். பொருள் கைமாறும் வரை நிறுத்தக்கூடாது என்று ஒரு வருஷமாகப் பழக்கப்பட்ட ஜனம். இங்கே கைமாறுவதற்குப் பொருளே இல்லை. டத்தோ கையை உயர்த்தி அமைதி கேட்டார். இன்னும் பலமாகத் தட்டச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஏதோ விளக்கம் சொல்ல மைக்கைப் பிடித்தார். அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. துண்டை இறக்கச் சொல்லித் தினேஸ்வரி கடைசி வரிசைக்கு ஓடினாள். கோகிலன் அவளைக் கீழே குனிந்து பார்த்தான். சாமான் இன்னும் கைமாறவில்லையே தங்கச்சி என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். முன்வரிசைகள் ஓய்ந்தால் பின்வரிசைகள் வாங்கிக்கொண்டன. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

தவுக்கே லியோங் மேடையேறி வந்து, டத்தோவின் காதருகே ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். டத்தோ சாவியைக் காணவில்லை என்றார். தவுக்கே அவரை மேலும் கீழும் பார்த்தார். வியாபாரம் செய்து நரைத்த மனிதர். கவலை வேண்டாம், என் கடை இரண்டு தெரு தள்ளித்தான், ஐந்து நாற்காலி இப்போதே எடுத்துவரச் சொல்கிறேன், உங்கள் சாவி கிடைத்ததும் அந்த ஐந்தையும் எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று மலாயில் சிரித்தபடி சொன்னார். வந்து வாங்கிக்கொள்ளும்போது தன் வக்கீலையும் கூட்டிவருவதாக இன்னும் மென்மையாகச் சொன்னார். டத்தோவின் வேர்வை கழுத்துப்பட்டி வழியாகக் கோட்டுக்குள் இறங்கியது.

கடை லோரி வந்து ஐந்து நாற்காலியும் மேடையேறும் வரைக்கும் துண்டு இறங்கவில்லை. செல்லாயியை மகன் நாற்காலியில் இறக்கினான். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. உடையப்பன் கெர்ட்ரூட்டைப் பார்க்க முடியாமல் சக்கரத்தையே தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கோகிலன் கையை இறக்கினான். மண்டபம் அமைதியானது. எல்லாருக்கும் உள்ளங்கை எரிந்தது.

டத்தோ அவசரமாக ஒரு பொன்னாடையை எடுத்துக்கொண்டு கெர்ட்ரூட்டை நோக்கி வந்தார், எப்படியாவது முடித்துவிட்டுப் போகலாம் என்று. அவள் விலகிக்கொண்டாள்.

“எனக்கில்ல டத்தோ. அஞ்சு தடவ உங்களுக்கு நன்றி சொன்னவரு அங்க உக்காந்திருக்காரு. இன்னிக்கி இந்த மேடையில அஞ்சு வீல்சேரு குடுத்ததும் அவருதான். குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றது கடமைன்னு உங்க ஆபீஸ் செவுத்துலயே எழுதியிருக்கு.”

பத்திரிகைக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். டத்தோ மரியஜோசப்புக்கு முன்னால் போய்ப் பொன்னாடையைப் போர்த்தி, கைகூப்பி, பழக்கதோஷத்தில் முகத்தைக் கேமராவுக்குத் திருப்பினார்.

“கேமராவ பாக்கக்கூடாது டத்தோ,” என்றாள் கெர்ட்ரூட். “அவர் மூஞ்சிய பாக்கணும்.”

டத்தோ பார்த்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். மரியஜோசப் கண்ணை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக வர வேண்டுமானால் நிற்பவர் இறங்கித்தான் ஆக வேண்டும். டத்தோ கொஞ்சம் குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம் குனிங்க,” என்றாள் அவள். “கேமராவுல தெரியணும்.”

அந்தப் படம்தான் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இந்த முறை யாரும் கெர்ட்ரூட்டை வெட்டவில்லை. கோகிலனுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தினேஸ்வரி போன் செய்தாள். டத்தோ குனிகிற படம்தான் இருக்கிறது, கொடுக்கிற படம் சரியாக வரவில்லை, நாற்காலியை ஒரே ஒரு தடவை கொண்டுவந்தால் படத்தைத் திரும்ப எடுத்துவிடலாம் என்றாள். தாராளமாக எடுக்கலாம் என்றாள் கெர்ட்ரூட். ஆனால் நன்றி சொல்வதில் டத்தோவுக்கு இன்னும் பயிற்சி தேவை. ஒத்திகைக்கு முதலில் புந்தோங்குக்கு வரச் சொல்லு, படிக்கட்டெல்லாம் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டாள். இன்றுவரை அவர் வரவில்லை.

சனிக்கிழமை காலை தேவாலய வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்றது. முதுகில் இருந்த பட்டங்களையெல்லாம் மறைத்து, டத்தோ போர்த்திய பொன்னாடையை இறுக்கிக் கட்டியிருந்தாள் கெர்ட்ரூட். ட்ரேசி அப்பாவின் கையைப் பிடித்தாள். தவுக்கே லியோங்கின் கடையில் லோரி ஓட்டப் போய்ச் சேர்ந்திருந்த கோகிலன், வேலையிலிருந்து நேராக வந்து கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றான். வேர்த்து வழிந்தது. முகம் துடைக்கத் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து உயர்த்தினான்.

புந்தோங் ஜனம் அதைப் பார்த்துவிட்டது. உடையப்பன் முதலில் தட்டினார். பிறகு கோயில் முழுக்கத் தட்டியது. கோயிலில் இப்படித் தட்டக் கூடாது என்று சாமியார் கையை ஆட்டினார். கோகிலன் என்ன நடக்கிறது என்று புரிந்ததும் துண்டை இறக்கவேயில்லை. அப்பாவும் மகளும் பீடத்துக்குப் போய்ச் சேரும்வரை உயர்த்தியே பிடித்திருந்தான். மரியஜோசப் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். ஒருவருக்கும் கும்பிடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தார்.

பூசை தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் சொன்னார்கள். பிறர் குற்றத்தைப் பொறுக்கும் அந்த வரி வந்தபோது, கெர்ட்ரூட் இந்த முறையும் வாயை மூடிக்கொண்டாள்.